சகலை ரோட்டுக்கு டிராம் கேட்கப் போனேன்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், நான் எழுதுவதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று படிப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஊரான் வீட்டு வாசலில் யானை கட்டியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. சொந்தக்காரன் வீட்டில் ஆட்டுக்குட்டி ஒன்று கூடுதலாக நின்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதிலும் சகலை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், மாமனார் வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். அடுத்த இலையில் எத்தனை வடை விழுந்தது என்று ஓரக்கண்ணால் பார்க்காத சகலை நம் பக்கத்தில் கிடையாது.

என் சகலை பெயர் ரெங்கசாமி. என் மனைவியின் தங்கை கோமதியைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது இளையவன். பத்து வருஷத்துக்கு முன்னால் கரண்டி பிடிக்கத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினான். நான் நாகப்பட்டினத்தில் தாலுக்கா கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைக்கிறவன். தமிழிலும் எழுதுவேன், இங்கிலீஷிலும் எழுதுவேன். என் மனுவைப் பார்த்துத் தாசில்தாரே 'யார் கை இது' என்று கேட்டதுண்டு.

அவனிடமிருந்து கடிதம் வந்தது. பேசுகிற மாதிரியேதான் எழுதுவான். "அண்ணே, இங்க மின்சார டிராம் விட்டிருக்காங்க. நம்ம ரோட்டுல பாதி தூரம் வந்து நின்னுபோச்சு. மீதிய இந்த வருஷம் போடுறதா, இல்ல காத்தோங் கடற்கரைப் பக்கம் போடுறதான்னு கம்பெனியில யோசிக்கிறாங்க. ஒரு ரோட்டுக்குத்தான் தண்டவாளம் இருக்காம். உங்க கையால ஒரு மனு எழுதினா நம்ம ரோடு முந்திக்கும். கப்பல் செலவு என்னோடது."

அந்தக் கடைசி வரியை மட்டும் என் மனைவி என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

போகாமல் இருந்திருக்கலாம். எங்கள் தெருவுக்கும் ரயிலடிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் இடுப்பளவு தண்ணீர். அதன் மேல் ஒரு சின்னப் பாலம் கேட்டு நானே பதினோரு மனு போட்டிருக்கிறேன். கச்சேரிச் சேவகன் ஒரு டபேதார்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. சொந்தத் தெருவுக்குப் பாலம் வாங்கத் துப்பில்லாதவன் சகலை தெருவுக்கு டிராம் வாங்கக் கடல் தாண்டிப் போகிறான் என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவர்கள் வாயை அடைக்கவே கிளம்பினேன்.

முதல் நாள். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ரெங்கசாமி வந்து நின்றான். கோட்டு, தொப்பி, காலில் பூட்ஸ். ஊரில் இருந்தபோது எலும்பாக இருந்தவன் இப்போது தொப்பை போட்டிருந்தான். "அண்ணே, வாங்க, ரொம்ப இளைச்சுட்டீங்களே" என்றான். நான் பிறந்ததிலிருந்தே இந்த உடம்புதான் என்று எப்படிச் சொல்வது.

டிராமில் ஏற்றினான். பக்கச்சுவர் இல்லாத வண்டி, காற்று இரண்டு பக்கமும் அடித்தது. மேலே கம்பியில் ஒரு நீளக் கழி உரசிக்கொண்டே வர, மாடும் இல்லை குதிரையும் இல்லை, வண்டி பாட்டுக்குப் போயிற்று. எனக்கு டிராம் புதிதல்ல. மதராசில் பார்த்திருக்கிறேன், ஏறியும் இருக்கிறேன். அங்கே வராத எரிச்சல் இங்கே வந்தது. மதராசு எனக்குச் சகலை இல்லை.

கோயில் கோபுரம் தெரிகிற ஒரு தெருவில், மாரியம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே நேரம், மேலே படார் என்று சத்தம். கழி கம்பியை விட்டு நழுவிவிட்டது. வண்டி நட்டநடுத் தெருவில் நின்றது. மலாய்க்காரக் கண்டக்டர் கீழே குதித்து, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழியைக் கம்பிக்கு இழுத்து இழுத்துப் பார்த்தார். ரிக்ஷா இழுக்கிற சீனர்கள் எங்களைச் சுற்றி நின்று சிரித்தார்கள். எனக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. தீபாவளிக்குத் தலைமுழுகினாற்போல் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"எப்பவாச்சும் இப்படி ஆகும் லா, ரெண்டு நிமிசம்" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொன்னான் ரெங்கசாமி.

இரண்டே நிமிஷம்தான் ஆயிற்று. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

இறங்கும்போது நான் வண்டி நிற்கும் முன்னே, முகம் பின்பக்கம் இருக்க, காலை வைத்துவிட்டேன். அடுத்த கணம் ஒரு சீனரின் மீன் கூடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மலாயில் ஏதோ கேட்டார். ரெங்கசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க ஊர்ல வண்டியே கெடையாதான்னு கேக்குறாரு" என்றான்.

"இருக்குன்னு சொல்லு. ரயிலே இருக்குன்னு சொல்லு."

அவன் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

டிராம் நின்ற இடத்துக்கு அப்பால் ஒன்றரை மைல் நடை. சிராங்கூன் ரோட்டின் இந்தப் பகுதியை நம்மவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றே சொல்கிறார்கள்; கம்பம் என்றால் மலாயில் கிராமமாம். எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புக் காளவாய், செங்கல் சூளை, எருமைத் தொழுவம். ஆனால் ரோடு அகலம், இரு பக்கமும் சாக்கடை, மழை பெய்தும் முழங்காலுக்குத் தண்ணீர் இல்லை. கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஐந்தடிக்கு நடைபாதை விட்டிருக்கிறார்கள். அதற்கு அஞ்சடி என்றே பெயர். வெயிலும் படாமல் மழையும் படாமல் நடந்து போகலாம். நான் வேண்டுமென்றே வெயிலில் நடந்தேன்.

ரோட்டின் கடைசியில் ரெங்கசாமியின் சோற்றுக்கடை. பளிச்சென்று வெள்ளையடித்து, எட்டு பெஞ்சு போட்டு, வாசலில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோமதி ஓடி வந்து, "வாங்க அத்தான், அக்கா நல்லா இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே இலையைப் போட்டாள். தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு, பெலாச்சான் என்கிற நாற்றமெடுத்த இறால் விழுது வைத்து அரைத்த மிளகாய்த் துவையல், நெய்யில் வதக்கிய கத்தரிக்காய். பெலாச்சானை முகர்ந்ததும் இதையாவது குறை சொல்லலாம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாய் வைத்ததும் அந்தச் சந்தோஷமும் போயிற்று. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்தபின் விஷயத்தைச் சொன்னான். துறைமுகத்தில் எட்டு வருஷம் கப்பல்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுச் சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்கிறான். டிராம் கடைசிவரை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், நம்பி வந்துவிட்டான். வந்தால் ரோட்டின் அந்த முனையில் இருக்கிற தேக்கா சந்தையிலிருந்து ஆள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். வராவிட்டால் இப்போது மாதிரிதான், காளவாய் ஆள் நாலு பேர்.

"தீபாவளி வரைக்கும் தாக்குப் பிடிப்பேன் அண்ணே. அதுக்குள்ள தண்டவாளம் போட ஆரம்பிச்சா தப்பிச்சேன். காத்தோங்குக்குப் போயிட்டா கடைய மூடிட்டு, பழையபடி எவன்கிட்டயாச்சும் கரண்டி பிடிக்கப் போகணும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். கோமதி சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில், கூடைக்காரர் ஒருவர் கொண்டுவந்த இடியாப்பத்தைத் தேங்காய்த் துருவலும் சிவப்புச் சர்க்கரையும் போட்டுத் தின்றுவிட்டு மனு எழுத உட்கார்ந்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, அப்படி ஒரு மனு நான் எழுதியதில்லை. பாலைச் சுமந்துகொண்டு வெயிலில் நடக்கிற பால்காரன், சுண்ணாம்பில் வெந்த கால்களோடு வீடு திரும்புகிற கூலிக்காரன், புருஷனுக்குக் கஞ்சி தூக்கிப் போகிற பெண் என்று ஒவ்வொருவரையும் கொண்டுவந்து கம்பெனித் துரை முன்னால் நிறுத்தினேன். ரெங்கசாமி வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினான். முன்பு இங்கே ஓடிய பழைய நீராவி டிராமில் ஆள் ஏறாமல் போன கதையைச் சிலர் நினைவுபடுத்தினார்கள். எல்லோரும் ரிக்ஷாவில் ஏறிக்கொண்டார்களாம். அதனால் கம்பெனிக்குப் பயம் இருக்கிறது என்றார்கள்.

மூன்றாம் நாள் மனுவைக் கொடுத்தோம். நான்காம் நாள் பதில் வந்துவிட்டது.

நான்காம் நாள். ஊர்ப் பாலத்துக்குப் பதினோரு மனு, பன்னிரண்டு வருஷம், ஒரு டபேதார் இல்லை. இங்கே ஒரே மனுவுக்கு மறுநாளே பதில். கம்பெனியின் இளைய துரை நேரில் வந்து இரண்டு ரோட்டிலும் நின்று, போகிற வருகிறவர்களை 'டிராம் வந்தால் ஏறுவீர்களா' என்று கேட்பாராம். எங்கே அதிகம் பேர் ஏறுவேன் என்கிறார்களோ அந்த ரோட்டுக்கு முதலில் தண்டவாளம். துரை சீமையிலிருந்து புதிதாக வந்தவர், மலாய்கூடத் தெரியாது. அதனால் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைத் தயாராக வைத்திருக்கவும் என்று எழுதியிருந்தது.

ரெங்கசாமி கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எங்க அண்ணன் இருக்காரு, இங்கிலீஷ்ல புலி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். எனக்கு வயிறு எரிந்தது. என் எழுத்துதான், என் கைதான், ஆனால் அவன் ரோட்டுக்குப் பலிக்கிறது.

ஐந்தாம் நாள் காலை. வேட்டியை உடுத்திக்கொண்டு கிளம்பும்போது கோமதி ஒரு கோட்டைக் கொண்டுவந்தாள். "அத்தான், இத போட்டுக்கிடுங்க. இது அவருக்குச் சின்னதாப் போச்சு, சும்மாதான் கெடக்கு. தொரை முன்னாடி நிக்கணும்ல."

நல்ல மனசோடுதான் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். விடவில்லை. போட்டேன். சகலைக்குச் சின்னதாகப் போன கோட்டு எனக்குக் கையில் தொளதொளவென்று இருந்தது, அக்குளில் மட்டும் பிடித்தது. ரெங்கசாமி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ராசா மாதிரி இருக்கீங்க அண்ணே. பேசாம இங்கேயே தங்கிடுங்க, கடையில ஏதாச்சும் ஒரு வேலையப் பாத்துக்கிட்டு இருக்கலாம். ஊர்ல அக்கா என்ன பாடுபடுதோ" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

துரை வந்தார். மீசை அரும்பாத முகம், ஒரு குடை, ஒரு நோட்டுப் புத்தகம். ரோட்டோரத்தில் நின்றார். அவருக்கு வலப்பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் கோப்பி என்று இங்கே சொல்கிற காப்பியை ஏந்திக்கொண்டு ரெங்கசாமி.

முதலில் பால்காரர் வந்தார். துரை கேட்டதைத் தமிழில் சொன்னேன். பால்காரர் குவளையை இறக்கி வைத்து, மடித்துக் கட்டிய வேட்டியைத் தழையவிட்டு, "எனக்கு எதுக்குங்க தொரை அதெல்லாம்? ரெண்டு காலு இருக்கு, நடந்துக்கிறேன்" என்றார். சொல்லும்போதே அவர் கண் டிராம் நிற்கிற திசைக்குப் போய்விட்டு வந்தது.

நம் பக்கத்து மரியாதை எனக்குத் தெரியாததா? யாராவது ஒன்று கொடுக்கிறேன் என்றால் முதல் தடவை வேண்டாம் என்போம். பசியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தாலும் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்போம். இரண்டாம் தடவை கேட்டால் 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்போம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிடுவோம். வெள்ளைக்காரன் ஒரு தடவைதான் கேட்பான். நடுவில் நிற்கிறவன்தான் 'சும்மா சொல்லுங்க, ஏறுவீங்கதானே' என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். அதற்குத்தான் நான் நிற்கிறேன்.

வாயைத் திறந்தேன். அக்குளில் கோட்டு பிடித்தது.

"நோ, சார்" என்றேன்.

துரை எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. கோர்ட்டில் சத்தியம் வாங்கிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அன்று மத்தியானம் வரை நின்றேன்.

காளவாய் ஆட்கள் மூன்று பேர், தலைமுதல் கால்வரை சுண்ணாம்பு. "நாங்க ஏறினா வண்டியெல்லாம் வெள்ளையாயிடுமுங்க" என்று சிரித்தார்கள். நோ, சார். தலையில் கஞ்சிக் கலயத்தோடு ஒரு பெண், "நமக்கெல்லாம் எதுக்குங்க" என்று முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நோ, சார். நாகூர்க்காரரான துணிக்கடை மரைக்காயர் ஒருவர் வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் என்றதும் எனக்கு ஸலாம் சொல்லி, "அல்லா நாடினா ஏறுவோம்" என்றார். அதை அப்படியே சொன்னேன். துரை சிரித்துவிட்டு, சந்தேகம் என்று குறித்துக்கொண்டார். ஓர் ஆள் மட்டும் "ஏறுவேன், எப்ப விடுறீங்க?" என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவராம், மரியாதை தெரியவில்லை. அதற்கு யெஸ் சொல்லவேண்டி வந்தது.

ரெங்கசாமி பக்கத்திலேயே நின்றான். துரைக்கு இரண்டு தடவை கோப்பி மாற்றிக் கொடுத்தான்.

வெயில் உச்சிக்கு வந்ததும் துரை நோட்டை மூடினார். "மனுவைப் படித்தால் ஊரே டிராமுக்குத் தவிக்கிற மாதிரி இருந்தது. இங்கே ஒருவருக்கும் வேண்டாம்போல் இருக்கிறதே" என்று என்னிடம் கேட்டார். நான் கீழே பார்த்துக்கொண்டு, "அவர்கள் சொன்னதைச் சொன்னேன்" என்றேன். நோட்டில் மொழிபெயர்த்தவன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் கோமதி எனக்கென்று நண்டு வறுத்திருந்தாள். காலையிலிருந்து வெயிலில் நின்றவர் என்று இரண்டு கொடுக்கையும் என் இலையில் வைத்தாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்கலையா அத்தான் என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

எட்டாம் நாள் செய்தி வந்தது. காத்தோங்குக்கே தண்டவாளம். அங்கே கேட்டவர்களெல்லாம் ஏறுவேன் என்றார்களாம். ஒருவர் இப்போதே தயார் என்று குடையும் கையுமாக வந்து நின்றாராம். நம் ரோட்டைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. கடிதத்தைப் படித்துச் சொன்னவன் நான். கோமதி உள்ளே போனாள். பெரிய சோற்றுத் தவலையை உருட்டிப் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அதில் அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கம்பெனி ஆபீசுக்கு நடந்தே போனேன். இளைய துரையைப் பார்த்து, எங்கள் ஜனங்கள் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பார்கள், அது மரியாதை, அர்த்தம் வேறு, இன்னொரு தடவை வந்து கேளுங்கள் என்று சொன்னேன். என் இங்கிலீஷ் அன்றைக்குப் போலத் தடுமாறியது கிடையாது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நோட்டை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். "இது உங்களுக்கு அன்றைக்கே தெரியும் அல்லவா?" என்றார்.

தெரியும் என்றேன்.

"தண்டவாளம் காத்தோங்குக்கு வண்டி ஏறிவிட்டது" என்றார்.

பன்னிரண்டாம் நாள் எனக்குக் கப்பல். அதற்கு முன்தினமே கடை வாசலைப் பலகை போட்டு அடைத்துவிட்டார்கள். துறைமுகத்தில் பழைய இடத்தில், வேறொருவர் கடையில், ரெங்கசாமிக்கு வேலை பேசியாயிற்று. தீபாவளி வரை இழுத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை என்றான். என்னை வழியனுப்பப் படகுத்துறைக்கு வந்தான். அன்று பூட்ஸ் போட்டிருக்கவில்லை.

படகுக்காரன் கூப்பிட்டான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"ரெங்கசாமி, அன்னைக்கு நான் ஒழுங்காச் சொல்லலை. அவங்களை இன்னொருக்காக் கேட்டிருந்தா எல்லாரும் ஏறுவேன்னுதான் சொல்லியிருப்பாங்க. வேணும்னுதான் கேட்காம விட்டேன்."

"தெரியும் அண்ணே" என்றான்.

"எப்படித் தெரியும்? உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே."

"எட்டு வருஷம் கப்பல்காரனுங்களுக்குச் சோறு போட்டிருக்கேன். இன்னும் வேணுமா, போதுமான்னு கேட்டுக் கேட்டுத்தானே போட்டேன்? யெஸ்ஸும் நோவும் கூடவா தெரியாது? அந்த வெள்ளைக்காரங்க ஒருக்கா நோன்னா நோதான், ரெண்டாந்தடவை கேட்டா கோவிச்சுக்குவாங்க. அது எனக்கு அங்கயே தெரியும்."

"அப்ப ஏன் சும்மா நின்னே? அது உன் கடை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆயிருக்குமே."

அவன் என் பெட்டியைத் தூக்கிப் படகுக்குள் வைத்தான்.

"தொரை முன்னாடி, நாலு பேரு பாக்க, உங்க பேச்ச நான் எப்படி அண்ணே திருத்துறது? நீங்க மூத்தவரு. நான்தான் உங்கள வரவழைச்சேன். எல்லார்கிட்டயும் இங்கிலீஷ்ல புலின்னு சொல்லி வச்சிருக்கேன்." கையைத் துடைத்துக்கொண்டான். "ஏறுங்க, படகு கெளம்புது."

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வந்தது பொறாமைதான். அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன் என்று தெரிந்தது. அதற்கும் அவன் மேல் பொறாமைப்பட்டேன். வெட்கம் கப்பல் பினாங்கு தாண்டிய பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.